ஓடுதளம்

எங்கள் கோயமுத்தூரில் ரேஸ்கோர்ஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிற நண்பர்கள் பெயரைக் கேட்டுவிட்டு, "குதிரை எத்தனை மணிக்கு ஓடும்?" என்று ஆவலாக விசாரிப்பதுண்டு. குதிரை ஓடிய காலம் ஒன்று இருந்தது. அது வெள்ளைக்காரர்கள் காலம். இப்போது விடியற்காலையில் அங்கே சுற்றி வருகிறவர்கள் சர்க்கரை வியாதிக்காரர்கள், ரத்தக் கொதிப்புக்காரர்கள், பென்ஷன் வாங்குகிறவர்கள், அவர்களைத் துணைக்கு அழைத்து வந்திருக்கும் மனைவிமார்கள். சுற்றளவு ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர். நல்ல மர நிழல். ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம் பிடிக்கும். போட்டி யாரோடு என்று கேட்டால் எமனோடு என்றுதான் சொல்ல வேண்டும்.

ஊருக்குத் தெற்கே, போத்தனூரைத் தாண்டிப் போனால் செட்டிபாளையத்தில் இன்னொரு பாதை இருக்கிறது. அதன் சுற்றளவும் அநேகமாக இதே அளவுதான், 2.1 கிலோமீட்டர். ஆனால் அங்கே ஒரு சுற்றுக்கு ஒரு நிமிஷத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் ஆகும். 2003-இல் திறந்தார்கள். காரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர். வாரக் கடைசிகளில் அங்கே கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடும்போது, பக்கத்துத் தோட்டத்துத் தென்னை மரங்கள்கூட ஒரு கணம் காதைப் பொத்திக் கொள்வதுபோல் எனக்குத் தோன்றும்.

இந்த இரண்டாவது பாதையைப் பற்றி முன்பே ஒரு முறை எழுதியிருக்கிறேன். ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டார். நீளம், அகலம், வளைவு எத்தனை, யார் யார் ஓட்டினார்கள் என்று தகவல்களை அடுக்கிக் கொடுத்தேன். அவரும் அச்சிட்டார். அந்தக் கட்டுரையில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. செட்டிபாளையத்தைப் பற்றி உண்மையாக எழுதுவதென்றால் சோழவரத்தைப் பற்றி எழுத வேண்டும். சோழவரத்தைப் பற்றி எழுதினால் என் அப்பாவைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும். அதற்கு அப்போது எனக்குத் துணிச்சல் போதவில்லை.

முதலில் பெயர் விஷயத்தைத் தீர்த்துவிடலாம். ஸ்பீட்வே என்றால் ஆஸ்திரேலியாக்காரனுக்கும் இங்கிலீஷ்காரனுக்கும் வேறு அர்த்தம். ஆஸ்திரேலியாவில் மேற்கு மெய்ட்லண்ட் என்றொரு சிற்றூர். அங்கே 1923 டிசம்பரில், விவசாயக் கண்காட்சி நடக்கும் மைதானத்தில் மின்சார விளக்குகளைப் போட்டு, ஜானி ஹாஸ்கின்ஸ் என்பவர் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்தினார். முட்டை வடிவத்தில் மண் பாதை. இந்த விளையாட்டின் பிறப்பிடம் அதுதான் என்று பலர் சொல்கிறார்கள். இன்றைக்கும் அந்தப் பந்தய வண்டிகளுக்குப் பிரேக் கிடையாது. கியரும் ஒன்றே ஒன்றுதான். நாலு பேர் நாலு சுற்று ஓட்டுவார்கள். எப்போதும் இடப்பக்கமே திரும்பிக்கொண்டு, புழுதியை வாரி அடித்துக்கொண்டு போவார்கள். எங்கள் செட்டிபாளையத்துப் பாதை அந்த ஜாதி அல்ல. இது தார்ப் பாதை. இடப்பக்கமும் திரும்பும், வலப்பக்கமும் திரும்பும். வண்டிகளுக்குப் பிரேக் உண்டு. பெயரில் மட்டும் ஒரு தூரத்து உறவு. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்று. இரண்டுமே பெரிய பட்டணத்தில் பிறக்கவில்லை. கையில் கொஞ்சம் கிரீஸ் ஒட்டியிருக்கும் ஊர்களில் பிறந்தன.

எங்கள் ஊரின் கையில் எப்போதுமே கிரீஸ் உண்டு. 1920-இல் ஜி. டி. நாயுடு பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். 1930-களில் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கி வந்தது. பஞ்சாலைகள் பெருகின. ஆலைக்கு உதிரிப்பாகம் வேண்டும், கிணற்றுக்கு மோட்டார் வேண்டும், மோட்டாருக்குப் பம்பு வேண்டும். அதற்கெல்லாம் வார்ப்படச் சாலைகள் வந்தன. வார்த்த இரும்பைக் கடைவதற்கு லேத் பட்டறைகள் வந்தன. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் பீளமேட்டிலும் நான் சிறுவனாக இருந்தபோது, தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம்போல லேத் சத்தம் கேட்கும். பந்தயப் பாதை இந்த ஊருக்கு 2003-இல்தான் வந்தது என்றாலும், பந்தயம் அதற்கு வெகு காலம் முன்பே வந்துவிட்டது. அது பாதையில் நடக்கவில்லை, பட்டறையில் நடந்தது.

அப்பா கடைசல்காரர். ஆவாரம்பாளையத்தில் ஏழு பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையில் அவர்தான் மூத்தவர். ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குக்குப் பட்டறைப் பாஷையில் 'தவு' என்று பெயர். "ரெண்டு தவு எடுக்கோணும்" என்றால், தலைமுடியின் கனத்தைவிடக் குறைவான இரும்பைச் சீவ வேண்டும் என்று அர்த்தம். அப்பா மைக்ரோமீட்டரை வைத்துப் பார்ப்பதற்கு முன்னாலேயே கட்டைவிரலால் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார். அநேகமாகச் சரியாக இருக்கும். பட்டறை முதலாளிக்கு ஒரு சிநேகிதர் உண்டு; வசதியான குடும்பம்; கார்ப் பந்தயத்தில் பைத்தியம். அவருடைய வண்டியின் எஞ்சின் வேலை முழுவதும் அப்பாவிடம்தான் வரும். சிலிண்டர் ஹெட்டைச் சில தவு சீவினால் எரிவாயு இன்னும் இறுக்கமாக அமுங்கும், வேகம் கூடும். அதிகமாகச் சீவிவிட்டால் எஞ்சின் தட்டும்; பிஸ்டன் ஓட்டையாகும். அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை இருக்கிறது. அப்பாவின் உலகம் அந்த மயிரிழைதான்.

சோழவரம் என்றால் சென்னைக்காரர்களுக்கு ஏரி ஞாபகம் வரும். எங்கள் வீட்டில் சோழவரம் என்றால் பிப்ரவரி மாதம். சென்னைக்கு வடக்கே கல்கத்தா சாலையில், இரண்டாம் உலக யுத்தத்தின்போது விமானங்கள் இறங்குவதற்காகப் போட்ட ஓடுதளம் அங்கே இருந்தது. யுத்தம் முடிந்தது. விமானங்கள் போய்விட்டன. காரை போட்ட அந்த அகலமான வெளி மட்டும் வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்தது. 1953-இல் சென்னையில் மோட்டார் பந்தயக் கழகம் ஒன்று ஏற்பட்டது. 1950-களிலேயே அந்த ஓடுதளத்தில் பந்தயங்கள் நடக்க ஆரம்பித்துவிட்டன. இங்கிலாந்தில் புகழ்பெற்ற சில்வர்ஸ்டன் பாதையும் இப்படி யுத்த விமானத் தளமாக இருந்ததுதான். 1948-இல் அங்கே கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தபோது வண்டிகள் ஓடுதளத்தின் மேலேயே ஓடின. பறப்பதற்காகப் போட்ட பாதையில், பறக்க முடியாதவர்கள் வந்து ஓடுவது உலக வழக்கம் போலிருக்கிறது.

சோழவரத்துக்குக் கல்கத்தாவிலிருந்து வருவார்கள், பம்பாயிலிருந்து வருவார்கள், பெங்களூரிலிருந்து வருவார்கள். மகாராஜாக்கள் வருவார்கள், மெக்கானிக்குகளும் வருவார்கள். கட்டுச் சோற்றோடு வருகிற ஜனங்கள் ஆயிரக்கணக்கில். கோயமுத்தூர்க் கோஷ்டி ஒன்று தவறாமல் இருக்கும். அப்பா வெள்ளிக்கிழமை கிளம்பிப் போய்த் திங்கட்கிழமை விடிகாலையில் வந்து சேருவார். வரும்போது அவர் சட்டையில் விளக்கெண்ணெய் வாசனை வீசும். பந்தய எஞ்சின்களுக்கு ஆமணக்கெண்ணெய் கலந்த மசகெண்ணெய் விடும் வழக்கம் உண்டு. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் இங்கிலீஷ்ப் பெயரிலிருந்து வந்ததுதான். எங்கள் ஆத்தா, அதாவது அப்பாவைப் பெற்றவள், மகனின் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "மெட்ராஸ் போயி எவங்கிட்டடா பேதிக்குக் குடிச்சுட்டு வந்தே?" என்பாள். வீடே சிரிக்கும்.

1986 பிப்ரவரியில் ஆத்தாளுக்கு உடம்பு சரியில்லை. வயது எழுபத்தைந்துக்கு மேல். காய்ச்சல், இருமல், சாப்பாடு செல்லவில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் அப்பா துணிப்பையை எடுத்தபோது அம்மா வாசற்படியில் நின்றுகொண்டு சொன்னாள்: "இந்த ஒரு வருசம் போகாம இருக்கக் கூடாதுங்களா? அத்தைக்கு மேலுக்கு முடியறதில்லீங்."

"ரெண்டு நாள்தானே. திங்கக்கெழமை வெடியறதுக்குள்ள வந்தர்றேன். டாக்டர்தான் ஒண்ணுமில்லைன்னுட்டாரே?"

"டாக்டர் சொன்னாருங்க. எனக்குத்தான் மனசு செரியில்லை."

அப்பா போய்விட்டார்.

சனிக்கிழமை நள்ளிரவுக்கு மேல் ஆத்தா போய்விட்டாள். அப்போதெல்லாம் எங்கள் தெருவில் டெலிபோன் கிடையாது. விடிந்ததும் சித்தப்பா முறையாகிற ஒருவர் சைக்கிளில் முதலாளி வீட்டுக்கு ஓடினார். அங்கிருந்து சென்னையில் அவர்கள் தங்கியிருந்த லாட்ஜுக்கு டிரங்க் கால் போட்டார்கள். ஆட்கள் அதற்கு முன்பே சோழவரத்துக்குக் கிளம்பிவிட்டிருந்தார்கள். "லாட்ஜ்காரங்க ஆள் அனுப்பறாங்களாம். மத்தியானத்துக்குள்ள சேதி போயிரும்" என்று அம்மாவுக்குத் தகவல் வந்தது.

அப்பா ஒரே பிள்ளை. நான் ஒரே பேரன். எனக்கு எட்டு வயது. நாலு மணி வரைக்கும் பார்த்தார்கள். பிறகு பெரியவர்கள் திண்ணையில் கூடிப் பேசினார்கள். பங்காளி யாராவது கொள்ளி வைக்கட்டும் என்றார் ஒருவர். "பேரன் இருக்கறப்ப பங்காளி எதுக்கு?" என்றார் இன்னொருவர். அத்துடன் தீர்ந்தது. என் தலையில் தண்ணீரை ஊற்றினார்கள். ஈர வேட்டியைச் சுற்றினார்கள். மயானத்தில் என் தோளில் குடத்தை வைத்தார்கள். அது கனத்தது. மூன்று சுற்று வர வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் யாரோ பின்னாலிருந்து குடத்தில் ஓர் ஓட்டை போடுவார். தண்ணீர் முதுகில் பீச்சி அடிக்கும். அப்புறம் கையில் கொள்ளியைக் கொடுத்து, என்னைத் திருப்பி நிற்க வைத்து, "பொறத்தால வெச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வந்தர்றா சாமி" என்றார்கள். நான் வைத்தேன். நாலடி நடந்தேன். பிறகு திரும்பிப் பார்த்துவிட்டேன்.

என்ன பார்த்தேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. எட்டு வயதுப் பிள்ளை பார்க்கக் கூடாததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு பல வருஷங்கள் விளக்கெண்ணெய் வாசனை பட்டால் எனக்கு வயிற்றைப் புரட்டும். வாசனை அன்றைக்கு மயானத்தில் வந்ததல்ல. திங்கட்கிழமை காலையில் அப்பா வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் சட்டையிலிருந்து வந்தது.

அம்மா அழவில்லை, சண்டை போடவில்லை. "தலைக்கு ஊத்திக்கிட்டு வாங்க. மயானத்துக்குப் போயிப் பால் தெளிக்கோணும்" என்று மட்டும் சொன்னாள். சேதி எத்தனை மணிக்குக் கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சோழவரம் என்ற சொல்லை யாரும் எடுத்ததில்லை. சேதி மத்தியானத்துக்குள் போயிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பந்தயம் இரண்டு மணிக்கு என்பதும் பின்னாளில் தெரிந்தது. இந்த இரண்டையும் கூட்டிப் பார்த்து, அப்பாவைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த முடிவை மனசுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு வளர்ந்தேன்.

அப்பா அடுத்த வருஷம் போகவில்லை. அதற்கடுத்த வருஷமும் போகவில்லை. பிறகு போவதற்குச் சோழவரமே இல்லாமல் போயிற்று. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்துக்கென்றே 3.7 கிலோமீட்டர் நீளத்தில் புதுப் பாதை போட்டார்கள். 1990-இலிருந்து ஓட்டமெல்லாம் அங்கே போய்விட்டது.

இதற்கிடையில் எங்கள் ஊரில் ஒரு பெரிய காரியம் நடந்திருந்தது. லட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்த காரிவர்தன் என்பவர், சோழவரத்தில் ஓட்டிப் பேர் வாங்கியவர், ஒரு யோசனை பண்ணினார். அது வரைக்கும் பந்தயம் என்றால் பணக்காரன் பந்தயம். வெளிநாட்டு வண்டி வைத்திருக்கிறவன் முன்னால் போவான்; உள்ளூர் வண்டியைச் செதுக்கிக் கொண்டு வருகிறவன் பின்னால் வருவான். ஓட்டுகிறவன் கெட்டிக்காரனா, அவன் அப்பன் பணக்காரனா என்று கண்டுபிடிக்க முடியாது. 1983 டிசம்பரில் மாருதி 800 கார் வந்திருந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின். அந்தச் சின்ன எஞ்சினை வைத்து, ஒரே ஆள் உட்காரும் பந்தய வண்டியைக் காரிவர்தன் வடிவமைத்தார். எல்லா வண்டியும் ஒரே மாதிரி. விலையும் கட்டுப்படியாகிற விலை. ஃபார்முலா மாருதி என்று பெயர். 1988-இல் ஓட ஆரம்பித்தது. வண்டி ஒன்றாகிவிட்டால் மிச்சமிருப்பது மனிதன்தானே? இருங்காட்டுக்கோட்டையில் அந்த வண்டியில் முதல் பந்தயம் ஓடிய எங்கள் ஊர்ப் பையன்களில் ஒருவர்தான் நரேன் கார்த்திகேயன். அவர் 2005 மார்ச்சில் மெல்போர்னில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டினார். அந்தப் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான்.

அதைப் பார்ப்பதற்குக் காரிவர்தன் இல்லை. 1995-இல் ஒரு சிறு விமான விபத்தில் அவர் காலமானார். நாற்பதை ஒட்டிய வயது. அவர் பெயரைத்தான் செட்டிபாளையத்துப் பாதைக்கு வைத்திருக்கிறார்கள். அந்த இடமும் அதற்கு முன் சின்னஞ்சிறு விமானங்கள் இறங்கி ஏறுகிற ஓடுதளமாக இருந்ததுதான். சோழவரத்தின் கதை எங்கள் ஊருக்கு வந்து இன்னொரு முறை நடந்தது.

பந்தய வண்டி வேலைக்கு ஆள் தேடியபோது அப்பாவையும் வந்து கூப்பிட்டார்கள் என்று பிற்பாடு பட்டறைக்காரர் ஒருவர் சொன்னார். இரண்டு மடங்கு சம்பளமாம். அப்பா போகவில்லை. பம்புக்குப் புஷ் கடைந்துகொண்டு, அந்த ஏழு பேர் பட்டறையிலேயே கண் மங்குகிற வரைக்கும் இருந்தார். நான் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டுக் கதை எழுதப் போகிறேன் என்று வந்து நின்றபோது, அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

2011-இல்தான் அந்தப் பத்திரிகை ஆசிரியர் கட்டுரை கேட்டார். எனக்கு எஞ்சின் என்றால் பெட்ரோல் போட்டால் ஓடுவது என்கிற அளவுக்குத்தான் தெரியும். வேறு வழியில்லாமல் அப்பாவைக் கூப்பிட்டேன். வர மாட்டார் என்று நினைத்தேன். அவர் வெளுத்த வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரிப் புறப்பட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை. பங்குனி மாதத்து வெயில். பார்வையாளர்கள் உட்காரும் படிக்கட்டில் உட்கார்ந்தோம். கீழே ஒற்றை ஆள் வண்டிகள் தரையை ஒட்டிக்கொண்டு, கோபம் கொண்ட வண்டுகள் மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தன. நான் நோட்டுப் புத்தகத்தில் நம்பர்களைக் குறித்தேன். திரும்பிப் பார்த்தால் அப்பா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"ஏனுங்ப்பா, தூக்கமா?"

"இல்லை." கண்ணைத் திறக்கவில்லை. "இப்பப் போச்சு பாரு ஒரு வண்டி, அதுல ஒரு சிலிண்டர் செரியா அடிக்கலை."

பார்த்தேன். மஞ்சள் வண்டி. எனக்கு மற்ற வண்டிகளின் சத்தத்துக்கும் அதன் சத்தத்துக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டு சுற்றுக் கழித்து அந்த மஞ்சள் வண்டி ஓரம் கட்டி உள்ளே போய்விட்டது. நான்கு பையன்கள் அதன் முதுகில் குனிந்தார்கள்.

"கண்ணைத் தொறந்து பாக்கலாமில்லீங்களா? சோழவரத்துல எத்தனையோ பாத்திருப்பீங்க. அதனால அலுத்துப் போச்சாட்ட."

அப்பா இப்போது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "நான் எங்கே பாத்தேன்? பதினோரு வருசம் போயிருக்கறேன். ஒரு ரேஸ் பாத்ததில்லை. ஒரு வண்டி ஓடறப்ப அடுத்த வண்டியைப் பிரிச்சு வெச்சுட்டுக் குனிஞ்சிருப்போம். ரேஸுங்கறது எங்களுக்கு முதுகுக்குப் பின்னால கேக்கற சத்தம். இன்னைக்குத்தான் முன்னால உக்காந்திருக்கறேன். பழக்கமில்லை."

எனக்கு நோட்டுப் புத்தகத்தில் எழுத ஒன்றும் ஓடவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் பேசாமல் இருந்தோம். வண்டிகள் ஒரு முறை எங்களைக் கடந்து போகும், சத்தம் அடங்கும், மறுபடி வரும். பேசுவதென்றால் அந்த இடைவெளியில்தான் பேச வேண்டும். அப்பா துண்டு துண்டாகப் பேசினார்.

"அன்னைக்குச் சேதி பதினோரு மணிக்கே வந்துருச்சு."

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. வண்டிகள் வந்தன; போயின.

"ஹெட்டைக் கழட்டி வெச்சிருந்தேன். கேஸ்கெட் போயிருந்துது. லாட்ஜ்காரப் பையன் வந்து சொன்னான். நான் கணக்குப் போட்டேன். இங்கிருந்து மெட்ராஸ் போக ஒரு மணி நேரம். பஸ்ஸு பத்து, பத்தரை மணி நேரம். எப்படிப் போனாலும் ராத்திரி பதினோரு மணி. அது வரைக்கும் வெச்சிருக்க மாட்டாங்க. இருட்டறதுக்குள்ள எடுத்துருவாங்க. இப்பக் கெளம்புனாலும் மொகத்தைப் பாக்க முடியாது. செரி, ஹெட்டை மாட்டிக் குடுத்துட்டே போலாம்னு இருந்துட்டேன்."

வண்டிகள் மறுபடி கடந்தன.

"கணக்கு செரிதான். ஒரு மணி நேரம்கூடத் தப்பில்லை. ஆனா பெத்தவ செத்துப் போனான்னு கேட்டதும் கணக்குப் போட்டேன் பாரு. அதைத்தான் இன்னும் செரிக்க முடியலை."

அந்த வண்டி ஜெயித்ததா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கக் கூடாது என்றும் இருந்தது. அவராகவே சொன்னார். "ஏழாவது சுத்துல நின்னு போச்சு. நான் மாட்டுனது நல்லாத்தான் இருந்துது. வேற எங்கியோ போச்சு."

கீழே பந்தயம் முடிந்து, யாரோ கொடியை ஆட்டினார்கள். ஜனங்கள் எழுந்து கைதட்டினார்கள். அப்பா எழுந்திருக்கவில்லை. என் பக்கம் திரும்பாமல், பாதையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"ஆத்தாளுக்குத் தீ வெச்சப்ப உனக்குப் பயமா இருந்துதா?"

இருபத்தைந்து வருஷங்கள். யாராவது இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று நான் காத்திருந்தேன் என்பதே, அவர் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இல்லை என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்தியிருக்கலாம். கதை எழுதுகிறவனுக்கு அது ஒன்றும் பெரிய காரியம் அல்ல.

"இருந்துதுங்ப்பா. திரும்பிப் பாத்துட்டேன்" என்றேன்.

அவர் தலையை மட்டும் அசைத்தார். கொஞ்சம் கழித்து, "குடம் கனமா இருந்திருக்கும்" என்றார். அவ்வளவுதான். பிறகு மஞ்சள் வண்டியைப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். கீழே இறங்கிப் போனோம். அந்த நான்கு பையன்களும் இன்னும் குனிந்துதான் இருந்தார்கள். அப்பா ஓரமாக நின்று, அவர்கள் கழற்றிப் போட்ட பிளக்குகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். பிளக்கின் நுனி செங்கல் நிறத்தில் இருந்தால் எஞ்சின் சுகமாக இருக்கிறதாம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்திருந்தால் எரியவில்லை. ஒரு பிளக் கரியாக இருந்தது. அதை அந்தப் பையன்களில் மூத்தவனிடம் நீட்டி, "இது எரியவே இல்லைங் தம்பி" என்றார். அவன், "உங்களுக்கு எப்படிங்ய்யா தெரியும்?" என்று கேட்டான். "கேட்டுச்சு" என்றார் அப்பா.

போத்தனூர் பஸ்ஸில் திரும்பி வரும்போது, கட்டுரைக்கு என்னென்ன எழுதலாம் என்று சொல்லிக்கொண்டு வந்தார். பாதையின் நீளத்தைத் தப்பில்லாமல் போடச் சொன்னார். காரிவர்தனைப் பற்றி எழுதச் சொன்னார். நரேனைப் பற்றியும், தென்னிந்திய ராலியில் பல முறை ஜெயித்த அவருடைய அப்பாவைப் பற்றியும் எழுதச் சொன்னார். குனிந்திருந்தவர்களைப் பற்றி எழுதச் சொல்லவில்லை. நானும் எழுதவில்லை. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு பெயர் இருக்கிறது. ஜெயித்தவர்களின் பெயர்களும் எங்காவது எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. ஹெட்டைச் சீவியவர்கள், புஷ் கடைந்தவர்கள், பிளக்கை முகர்ந்து பார்த்தவர்கள் பெயர்களை எழுதினால் அதற்கு ஆவாரம்பாளையத்தில் பாதி வீடுகளின் கதவுகளைத் தட்ட வேண்டும். தட்டினால் வந்து திறப்பதற்கு இப்போது பலர் இல்லை.

அப்பா 2018-இல் போனார். வெளியூருக்குப் போவதில்லை என்று மூன்று மாதம் முன்பிருந்தே தீர்மானித்துக்கொண்டு வீட்டில்தான் இருந்தேன். குடம் கனமாகத்தான் இருந்தது. மூன்று சுற்று வந்தேன். புறத்தாலே வைத்துவிட்டு நடந்தேன். பயம் இல்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

என் ரத்தத்திலும் இப்போது சர்க்கரை ஏறியிருக்கிறது. டாக்டர் உத்தரவுப்படி விடியற்காலையில் ரேஸ்கோர்ஸில் நானும் சுற்றுகிறேன். அரை மணிக்கு ஒரு சுற்று. சில நாட்களில் பின்னாலிருந்து ஏதாவது ஒரு பழைய கார் வரும். திரும்பிப் பார்ப்பதில்லை. காதைக் கொடுத்துக்கொண்டே நடக்கிறேன். ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால் எனக்கும் இப்போது தெரிகிறது.